கம்பி தனியா நடந்து போகாது

போன வருஷம் எங்கட ஆக்கள்ல ஒருத்தரின் ராத்தாவுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் 24 கம்பி களவு போச்சு. பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பி, ஒவ்வொன்றும் ஆறு மீற்றர் நீளம். தூணுக்கும் பீமுக்குமெண்டு வாங்கி அடுக்கி வச்சது. சுபஹு தொழுதுட்டு அந்தப் பக்கமா வந்த வாப்பாதான் முதல்ல கண்டார். பத்து நிமிஷத்தில் சனம் கூடிட்டு. அடுத்த அஞ்சு நிமிஷத்தில் கள்ளன் யாரெண்டு தீர்ப்பும் வந்துட்டு: மேசனோட வந்த கையாள் பொடியன்.

ஏன் அவன்? அவன் அடுத்த ஊர். வேலைக்கு வந்து எட்டே நாள். கம்பி எங்க கிடக்கெண்டு அவனுக்குத் தெரியும். மேசனுக்கும் அது தெரியும், மணல் பறிச்ச டிரைவருக்கும் தெரியும், வேலி அடைக்காத வளவு என்றபடியால் றோட்டால போற வார எல்லாருக்கும் தெரியும். ஆனா அவங்களையெல்லாம் கேட்டா சண்டை வரும். அவனைக் கேட்டா வராது. கேட்டாங்க, மிரட்டினாங்க, ஒருத்தர் சேர்ட்டைப் பிடிச்சு உலுக்கினார். எட்டு நாள் கூலியைக் குடுக்காமத் துரத்தி விட்டாங்க. எங்களில் ரெண்டு பேர் அந்த இடத்தில்தான் நின்றோம். வாய் திறக்கவில்லை.

அன்றைக்குச் செய்யாத கணக்கை இப்போது செய்வோம். பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பி ஒரு மீற்றர் கிட்டத்தட்ட 0.89 கிலோ. ஆறு மீற்றர்த் துண்டு அஞ்சு கிலோவுக்கு மேல. 24 துண்டு என்றால் 125 கிலோவைத் தாண்டும். அந்தப் பொடியனிடம் இருந்தது செயின் கழர்ற ஒரு பழைய சைக்கிள். 125 கிலோ இரும்பை, அதுவும் இருபது அடி நீளத்தில், ராவோட ராவா அவன் எதில் கொண்டு போயிருப்பான்? வாகனம் ஒன்று வந்திருக்க வேண்டும், பட்டாவோ லேண்ட்மாஸ்டரோ. ஏத்துவதற்குக் குறைந்தது ரெண்டு பேர். எல்லாத்தையும் விட முக்கியம், இறக்குவதற்கு ஒரு இடம். வாங்குறதுக்கு ஆள் இல்லாமல் எவனும் 125 கிலோ இரும்பைக் களவெடுத்துக் கட்டிலுக்குக் கீழ வைக்க மாட்டான்.

இதுதான் எங்கட வாதம். தோப்பூரிலும் மூதூரிலும் சுத்தியுள்ள ஊர்களிலும் கட்டுற வீட்டில் களவு போனால் நாம் தேடுறது எடுத்தவனை. அதிலும் நம்மைத் திருப்பிக் கேட்க முடியாத ஒருத்தனை. வாங்கினவனை ஒருத்தரும் தேடுறதில்லை. அவர் நல்லா இருக்கார். ஸலாம் சொன்னால் பதில் சொல்வார்.

இது லேசான விசயம் இல்லை என்பது கிழக்கில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். இங்க வீடு என்றால் பொம்பளப் பிள்ளைக்குக் கட்டுற வீடு. சீதன வீடு கட்டும் வழக்கம் சரியா பிழையா என்பதை வேறொரு கட்டுரையில் சண்டை பிடிப்போம் (எங்களுக்குள்ளேயே அதில் ஒற்றுமை இல்லை). ஆனால் உண்மை நிலவரம் இதுதான்: உம்மா சவூதியிலயோ காக்கா கட்டாரிலயோ இருந்து அனுப்புற காசில் அத்திவாரம் ஒரு வருஷம், சுவர் ஒரு வருஷம், கூரை எப்பவோ என்று வீடு எழும்புது. 2021ல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வித்த சீமெந்து பக்கற் 2022ல் 3,000 ரூபாவைத் தொட்டபோது எத்தனை வீடு லிண்டல் மட்டத்தில் அப்படியே நின்றது என்று ஊருக்குள் ஒருக்கா நடந்து பார்த்தாலே தெரியும். பாதியில் நிற்கிற வீட்டுக்குக் கதவு இல்லை, கரண்ட் இல்லை, படுக்க ஆள் இல்லை. களவுக்கு இதைவிட வசதி வேணுமா? 24 கம்பி போனால் அந்த வீடு இன்னும் ஆறு மாசம் பிந்தும். வீடு பிந்தினால் கலியாணம் பிந்தும். அதுக்கும் அந்தப் பிள்ளையைத்தான் கதைப்பாங்க.

களவு போற வீடு எங்கட மாவட்டத்துக்குப் புதிசும் இல்லை. 2006 ஓகஸ்ட் சண்டையில் மூதூரும் தோப்பூரும் கந்தளாய்ப் பக்கம் ஓடினபோது பூட்டின வீடுகளை விட்டுட்டுத்தான் ஓடினோம். திரும்பி வந்து என்ன இருந்தது, என்ன இல்லை என்று வீட்டுப் பெரியவங்களிடம் கேளுங்க, மணிக்கணக்கில் சொல்வாங்க. சம்பூர்ச் சனம் அதே 2006ல் வெளியேறி, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, 2015ல்தான் காணிக்குத் திரும்பத் தொடங்கினது. வளவு எது, கிணறு எது என்று தேட வேண்டியிருந்தவர்கள் அதில் இருந்தார்கள். யுத்தத்தில் நிலை, ஜன்னல், ஓடு, கூரைமரம் எல்லாம் கழட்டுப்பட்ட வீடுகள் வடக்கு கிழக்கு முழுக்க இருந்தன. கழட்டினது யாரெண்டு அப்போதும் ஆயிரம் கதை வந்தது, பெரும்பாலும் பக்கத்து ஊரைக் குற்றம் சொல்ற கதை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கம்பி காணாமல் போன அன்றைக்கு "அடுத்த ஊரான்" என்ற சொல் எவ்வளவு சுகமா எல்லார் வாயிலும் வந்தது என்பதை நாங்கள் காதால் கேட்டோம்.

சிலர் சொல்வாங்க, இதெல்லாம் ஐஸ் குடிக்கிற பொடியன்களின் வேலையெண்டு. இருக்கட்டும். ஐஸுக்குக் காசுதான் வேணும், கம்பி இல்லை. கம்பியைக் காசாக்கிக் குடுக்கிற தராசு எங்கயோ ஒரு இடத்தில் தொங்குது. புது வயரிங் இழுத்த வீட்டில் வயரை உருவி, தோட்டத்தில் போட்டு எரிச்சு, செம்பை மட்டும் கொண்டு போறாங்க. எரிச்ச செம்புக் கம்பியைக் கொண்டு வாறவனிடம் "இது ஏது தம்பி?" என்று கேட்காமல் நிறுக்கிறவருக்கு ஒன்றும் தெரியாதா? களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்குவது குற்றம் என்று 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே இருக்கு. புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை.

நாங்கள் சைக்கிளில் போத்தலும் பழைய இரும்பும் எடுக்கிற மனிசரைச் சொல்லவில்லை. அவர் வெயிலில் உழைக்கிறவர். சொல்றது தராசும் வளவும் லொறியும் வச்சு யாவாரம் செய்றவங்களை. அவர்களிலும் நேர்மையான ஆக்கள் இருக்காங்க. பதிவு வைக்கச் சொன்னால் அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் ரயில் பாதைக் கேபிளும் தேவாலயக் கூரை ஈயமும் களவு போய்க்கொண்டிருந்தபோது அவங்க கை வச்சது வாங்குற இடத்தில்தான். 2012 டிசம்பரில் இருந்து பழைய உலோகத்தைக் கைக்காசுக்கு வாங்கத் தடை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விற்கிறவரின் பேரையும் முகவரியையும் உறுதிப்படுத்தி, மூன்று வருஷம் பதிவை வைத்திருக்க வேணும். களவு நல்லாக் குறைந்தது. உலோக விலை இறங்கினதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. இங்க? 2023ல் களனி ஆற்றின் புதுப் பாலத்தில் ஆணியும் வயரும் களவு போனதெண்டு ஒரு அமைச்சரே சொன்னார். எவ்வளவு போனது என்று பெரிய வாதம் நடந்தது. யார் வாங்கினார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் மேல வரவே இல்லை.

வியாபார உரிமம் வருஷா வருஷம் குடுக்கிறது பிரதேச சபை. 2023 மார்ச்சில் காலம் முடிஞ்ச சபைகளுக்கு 2025 மே 6இல்தான் தேர்தல் நடந்தது. வோட்டுக் கேட்டு நம்ம வாசலுக்கு வந்தவங்க இப்ப அங்க இருக்காங்க. பழைய இரும்புக் கடைக்கு உரிமம் குடுக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்க: திகதி, நிறை, விற்றவரின் அடையாள அட்டை இலக்கம், வந்த வாகனத்தின் இலக்கம். ஒரு சீஆர் கொப்பி போதும். பொலிஸ் மாசம் ஒருக்கா அதைப் புரட்டிப் பார்க்கட்டும். இதுக்குக் கொழும்பில் இருந்து யாரும் வரத் தேவையில்லை.

வீட்டுக்காரரும் கொஞ்சம் கேளுங்க. கெமரா பூட்டச் சொல்லி விளம்பரம் வருது. கரண்டே எடுக்காத வளவில் அதை எங்க கொழுவுறது? மொத்தமா வாங்கினா மலிவு என்று ரெண்டு மாசச் சீமெந்தை ஒரேயடியா இறக்காதீங்க. களவு போகாட்டியும் மாரி ஈரத்தில் கல்லாப் போகும். வயரும் பைப்பும் தண்ணி மோட்டாரும் கதவுக்குப் பூட்டு விழுந்த பிறகு வரட்டும். கம்பி வந்தால் எண்ணி, கொப்பியில் எழுதி, நீங்களும் மேசனும் கையெழுத்து வையுங்க. பின்னேரம் வேலை முடிஞ்சு போகும்போது மிச்சத்தை அவரோட சேர்ந்து எண்ணுங்க. அது அவரைச் சந்தேகப்படுறது இல்லை. நாளைக்கு ஒன்று குறைஞ்சால் அவர் பக்கம் பேசுறதும் அந்தக் கொப்பிதான். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் "ராவில லொறிச் சத்தம் கேட்டா ஒரு கோல் அடிங்க" என்று சொல்லி வையுங்க. அந்த 24 கம்பி ஏத்தின ராத்திரி சத்தம் கேட்டதா ரெண்டு வீட்டுக்காரர் பிறகு சொன்னாங்க. மணல் லொறி எண்டு நினைச்சாங்களாம். எங்கட ஊரில் நடுச்சாமத்தில் மணல் லொறி ஓடுறது ஒருத்தருக்கும் புதினமா இல்லை. அந்தக் களவைப் பற்றித் தனியா எழுதுறோம்.

கம்பி கிடைக்கவில்லை. பொலிஸில் முறைப்பாடும் போடவில்லை, "எதுக்கு வீண் அலைச்சல்" எண்டு விட்டுட்டாங்க. யார் எடுத்தது என்று எங்களுக்கும் தெரியாது. ராத்தாவின் வீடு இப்ப பீம் மட்டத்துக்கு வந்திருக்கு. போன கிழமை எங்களில் நாலு பேர் சேர்ந்து அந்தப் பொடியனின் எட்டு நாள் கூலியை வாப்பாவிடம் கேட்கப் போனோம். "இப்ப ஏன் அந்தக் கதை?" என்றார். வாற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு திரும்பவும் போறோம். இந்த முறை 125 கிலோக் கணக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போறோம்.