கங்கையில் பழகியவர் வென்றார், கண்மாயில் பழகுபவர்?

கால் தரையில் படக்கூடாது. நீந்திக்கொண்டே பந்தை எறியவேண்டும். கோல் காப்பவரைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைத் தொடலாம். அணிக்கு ஏழு பேர். இதுதான் வாட்டர் போலோ.

இந்த விளையாட்டில் இந்தியா ஒரு சமயம் ஆசியாவிலேயே முதலிடம் பெற்றது. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது! 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கிலும், 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இந்திய அணி ஆடியது. இரண்டிலும் ஆடிய சச்சின் நாக், காசியில் பிறந்து கங்கையில் நீந்திப் பழகியவர்.

பிறகு என்ன ஆயிற்று? 1970-ல் பாங்காக்கில் வெள்ளி. 1982-ல் டில்லியில் வெண்கலம். அதன்பின் ஆசியப் போட்டியில் ஆண்கள் அணிக்குப் பதக்கமே இல்லை. ஒலிம்பிக்கோ 1952-உடன் சரி.

அந்தக் காலத்தில் மதுரைச் சுற்று வட்டாரக் கிராமங்களில் நீச்சலுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கிணறும் கண்மாயும்தான் பள்ளிக்கூடம். அப்பா இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார். நாலே நாளில் பிள்ளை மீனாகிவிடும்!

இன்று பல கிணறுகள் வற்றிவிட்டன. கற்றுத்தரும் பழக்கமும் குறைந்துவிட்டது. கோடை விடுமுறை வந்தால், நீச்சல் தெரியாத பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத ஆண்டு இல்லை.

ஆணோ பெண்ணோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுத்தர வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் நிற்கவேண்டும். நீந்தத் தெரிந்ததும் கையில் ஒரு பந்தையும் கொடுக்கவேண்டும்.

பதக்கம் வரும்போது வரட்டும். முதலில் பிள்ளை பத்திரமாகக் கரை ஏறட்டும்!