கத்தி வாங்கறீங்களா? பிடிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க

புனே வந்து பதினாலு வருஷம் ஆச்சு. மழை ஆரம்பிச்சா இங்கே பொட்டி தட்டற நம்மாளுங்களுக்கு மலையேற்றப் பைத்தியம் பிடிச்சுடும். ராஜ்மாச்சி, லோஹகட்னு மூட்டையைக் கட்டிக் கிளம்பிடுவோம். போன வருஷம் பையனும் (வயசு 13) சேர்ந்துக்கிட்டான். வந்தவன் சும்மா வரலை. "அப்பா, எனக்கு ஒரு கத்தி வேணும்" என்றான். தங்கமணி முறைச்ச முறைப்பைக் கண்டுக்காம, ஆன்லைன்ல 1,800 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன்.

பார்க்க என்னா கம்பீரம்! கருப்பு அலகு, முதுகுல ரம்பப் பல், பிடியோட மூடியில திசைகாட்டி, பிடிக்குள்ள தீக்குச்சி, தூண்டில் முள். 1982-ல வந்த 'ஃபர்ஸ்ட் ப்ளட்' படத்துல ராம்போ வச்சிருப்பாரே, அதே ஜாடை.

மலைக்குப் போறதுக்கு முன்னால மொட்டை மாடியில ஒரு காய்ஞ்ச குச்சியைச் செதுக்கிப் பார்த்தான். பத்து தடவை கூட இழுத்திருக்க மாட்டான். அலகு தனியாக் கழண்டு, அவன் கால்ல இருந்து ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. அவன் கையில வெறும் பிடி. எடுத்துப் பார்த்தா, பிடிக்குள்ள போற இரும்பு வால் ஒண்ணரை அங்குலம்தான். அதையும் ஒரு நட்டு போட்டு முறுக்கி வச்சிருக்காங்க. வித்தவர்கிட்ட போன்ல கேட்டா, "அது ஷோ பீஸ் சார்" என்கிறார். விளம்பரத்துல அப்படி ஒரு வார்த்தையே இல்லை.

தப்பு அவர் மேல மட்டும் இல்லை. நான் பல்லையும் திசைகாட்டியையும் பார்த்துப் பிள்ளை கையில கொடுத்தவன். கத்தியோட தரம் கண்ணுக்குப் படாத ரெண்டு விஷயத்துல இருக்குங்கறது என் கட்சி. ஒண்ணு வால், இன்னொண்ணு தோய்ச்சல்.

வால்னா, அலகு எவ்வளவு தூரம் பிடிக்குள்ள போகுதுங்கறது. கடைசி வரைக்கும் போனா ஃபுல் டாங்னு சொல்வாங்க. ஆனா அது இல்லைன்னா மட்டம்னு அர்த்தம் இல்லை. ஸ்வீடனோட மோரா கம்பேனியன் கத்தியில வால் கடைசி வரைக்கும் போகாது. ஆனா பிளாஸ்டிக் பிடி அதைச் சுத்தி இறுக வார்த்திருக்கு, அசையாது. குழாய் மாதிரி பிடியைக் குடைஞ்சு, நுனியில நட்டை மாட்டறதுதான் வம்பு. மொத்த பாரமும் அந்த ஒரு இடத்துல வந்து நிக்கும்.

தோய்ச்சலுக்கு வருவோம். எங்க ஊர் திருப்பாச்சேத்திப் பக்கம், அருவாளுக்குப் பேர் போன இடம். நடந்ததை அப்பாகிட்ட சொன்னப்ப, "எந்த இரும்புன்னு மட்டும் கேட்டா ஆச்சாடா? தோச்சல் எப்படின்னு கேளு" என்றார். கார்பன் இரும்பைச் சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி, எண்ணெய்ல முக்கி, அப்புறம் 200 டிகிரி வாக்குல மறுபடி மிதமா சூடு காட்டி எடுக்கணும். முதல் சூடு குறைஞ்சா அலகு மெத்துனு இருக்கும். ரெண்டாவது சூட்டை விட்டுட்டா கண்ணாடி மாதிரி உடையும்.

420-ன்னு ஒரு ஸ்டீல் ரகம் இருக்கு. பேரைக் கேட்டாலே சிரிப்பு வரும். (நம்ம 420 செக்‌ஷன்தான் 2024 ஜூலை 1-ல இருந்து 318 ஆயிடுச்சு!) ஆனா அதோட கார்பன் கூடின தம்பி 420 ஹெச்.சி.யை வச்சு அமெரிக்க பக் கம்பெனி உருப்படியான கத்தி செய்யுது. அங்கே பேசறது ஸ்டீலோட பேர் இல்லை, தோய்ச்சல்.

சரி, வீட்டுல எப்படிப் பார்க்கறது? முதல்ல முதுகுப் பக்கமா ஒரு கண்ணை மூடிப் பாருங்க, அலகு நேரா இருக்கணும். காதுகிட்ட வச்சுக் குலுக்குங்க, கடகடன்னா திருப்பி அனுப்பிடுங்க. பிடிக்கும் இரும்புக்கும் நடுவுல நகம் நுழையக் கூடாது. உறையில போட்டுத் தலைகீழா உதறுங்க, காலைத் தள்ளி வச்சுக்கிட்டு.

கடைசியா, செய்தித்தாளை வெட்டிட்டு, காய்ஞ்ச கட்டையில அம்பது சீவல் சீவி, மறுபடி தாளை வெட்டுங்க. அப்புறம் கூர்முனையை விளக்குக்கு நேரா பிடிங்க. நல்ல முனை வெளிச்சத்தைத் திருப்பாது. அங்கங்கே மினுக்குனா மடங்கியோ உதிர்ந்தோ இருக்கு. மடங்கினா மெத்து, உதிர்ந்தா நொறுங்கற ஜாதி. ஒரு சலுகை மட்டும் கொடுங்க: கம்பெனியில தீட்டறப்பவே முனை மட்டும் சூடேறிக் கெட்டுப் போறதும் உண்டு. ரெண்டு மூணு தடவை சாணைக்கல்லுல தீட்டிட்டுத் தீர்ப்பு சொல்லுங்க.

மூணு மெயிலுக்கும் ரெண்டு சண்டைக்கும் அப்புறம் பணம் திரும்பி வந்துச்சு. இப்ப பையன்கிட்ட இருக்கறது நாலு அங்குல அலகு, சாதாரணப் பிடி. தங்கமணி ஒரு வாரம் அதுல சேனைக்கிழங்கு நறுக்கிப் பார்த்துட்டுத்தான் அவன்கிட்ட கொடுத்தாங்க. ரம்பப் பல் இல்லை, திசைகாட்டியும் இல்லை. அலகு மட்டும் பிடியிலயே இருக்கு.

டிஸ்கி: வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்குன்னு செஞ்சது தவிர, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்திகள் ஆயுதச் சட்ட விதிகளுக்குள்ள வரும். விமானத்துல ஊருக்குப் போறவங்க எந்தக் கத்தியையும் கைப்பையில வச்சுடாதீங்க.