கடற்கரைக் குப்பங்களும் அபிவிருத்தி வட்டமும்

சோழமண்டலக் கரையிலுள்ள மீனவர் குப்பங்கள் நாலைந்து ஒன்று சேர்ந்து, தங்கள் வடிகால், குடிநீர், கழிப்பறை, மீன் உலர்த்தும் களம், வலை பின்னும் கொட்டகை முதலிய காரியங்களைத் தாங்களே கவனித்துக் கொள்ளத்தக்க ஒரு "ஸ்தல அபிவிருத்தி வட்டம்" ஏற்படுத்திக் கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இதைக் கேட்டவுடன் "இன்னும் ஒரு வரியா?" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் இதை முழுவதும் படித்துவிட்டுப் பிறகு சுளிக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.

தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதில் 600க்கு மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. இவற்றுள் பல, தனிப் பஞ்சாயத்துகள் அல்ல. உள்ளே தள்ளியிருக்கும் விவசாய கிராமத்துப் பஞ்சாயத்தில் ஒன்றிரண்டு வார்டுகளாக ஒட்டிக் கொண்டிருப்பவையேயாகும். வோட்டு உள்ளே இருந்தால் பணமும் உள்ளேயே நிற்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை.

மேல்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில், ஒரு பகுதிக்கு மட்டும் பயன்படும் வேலையை அப்பகுதிச் சொத்துக்காரர்களே மனுச் செய்து கேட்டு, வட்டம் பிரித்துக் கொள்ளலாம். நகரசபை கடன் பத்திரத்தின் பேரில் பணம் திரட்டி வேலையை முடிக்கும். ஒவ்வொருவரும் தாம் அடைந்த நன்மைக்குத் தக்கபடி தம் பங்கைப் பல வருஷத் தவணையில் கட்டித் தீர்ப்பார்கள். நகரசபை தானாக ஆரம்பித்தாலோ, செலவில் 100க்கு 60 பங்கு கொடுக்க வேண்டியவர்கள் எழுதி ஆட்சேபித்தால் வேலை நின்றுவிடும். அதாவது, பணம் கொடுப்பவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு என்பதாகும்.

ஆனால் வட்டம் பிரித்த மாத்திரத்திலேயே எல்லாம் ஆகிவிடாது. கலிபோர்னியாவில் லாஸ் ஓசோஸ் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. வீட்டுக் கழிவுத் தொட்டிகள் நிலத்தடித் தண்ணீரைக் கெடுக்கின்றன என்று 1983ல் அதிகாரிகள் தடை செய்தார்கள். 1998ல் ஊரார் சேவை வட்டம் அமைத்தார்கள். 2005ல் வேலை ஆரம்பமாயிற்று. சுத்திகரிப்பு ஆலையை எங்கே வைப்பது என்பதில் கட்சி பிரிந்து, அதே வருஷத்தில் அங்கத்தினர் 3 பேரை வோட்டுப் போட்டு நீக்கி வேலையையும் நிறுத்தினார்கள். 2006ல் வட்டம் திவாலாயிற்று. பிறகு மேல் ஸ்தாபனம் பொறுப்பேற்று, 2007ல் வீட்டுக்குச் சுமார் 25,000 டாலர் என்று ஊராரின் சம்மதம் பெற்று, 2016ல் தான் ஆலை ஓடிற்று. சண்டையைக் கடப்பாரை போடுமுன்பே முடித்துக் கொள்ள வேண்டும் என்பதே இதன் பாடம்.

நிற்க, "நம் மீனவர் ஏழைகள், அவர்கள் எங்கே வரி கொடுப்பது?" என்று கேட்கப்படுகிறது. அவர்கள் இப்போதே கொடுக்கிறார்கள் என்பதுதான் நமது பதில். இக்கரையில் ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறது. யார் சட்டம் செய்து கொடுத்தார்கள்? யாருமில்லை. ஆனாலும் வசூலாகிறது. கடன் வாங்கியாவது கொடுக்கிறார்கள். அதில் எவ்வளவு அம்மன் திருவிழாவின் மேளத்துக்கும் வாணத்துக்கும் போகிறது என்பதை அவர்களே கணக்குப் பார்க்கட்டும். சாமிக்கு வரி போடத் தெரிந்த ஊருக்குச் சாக்கடைக்கு வரி போடத் தெரியாதா என்று கேட்கின்றோம்.

ஊர்ப் பஞ்சாயத்தை நாம் முழுதும் குறை கூறவில்லை. 2004 டிசம்பர் 26ந்தேதி கடல் பொங்கி ஊரை அழித்தபோது, செத்தவர்களைக் கணக்கெடுத்ததும் நிவாரணத்தை வாதாடிப் பெற்றதும் அதுதான். ஆனால் தலைக்கட்டு என்றால் கலியாணமான ஆண் என்றே பெரும்பாலும் கணக்கு. ஆகவே ஆண் துணையற்ற விதவைகள் பலர் நிவாரணப் பட்டியலில் விடுபட்டார்கள். கரையோரத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் பலரும் அப்படியே விடுபட்டார்கள். அதே கையில் அபிவிருத்தி வட்டத்தையும் கொடுத்தால், பழைய நாட்டாண்மைக்குப் புதுப் பெயர் வைத்ததாகவே முடியும். மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்பவள் பெண். கழிப்பறையில்லாமல் இருட்டும் வரை காத்திருப்பவளும் பெண். அவளுக்கு ஊர்க் கூட்டத்தில் இடமில்லை என்றால் அது என்ன ஊர்?

ஆகையால் வட்டத்துக்கு நாம் சொல்லும் நிபந்தனைகளாவன: வயது வந்த ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, எந்த ஜாதியோ, ஒரு வோட்டு. நிர்வாகத்தில் பாதிப் பேர் பெண்கள். அமெரிக்காவைப்போல் நிலத்தின்மேல் வரி போடுவது இங்கு பொருந்தாது. குப்பத்தில் பலருக்குப் பட்டாவே இல்லை. ஆகவே விசைப்படகுக்கு அதிகம், பைபர் படகுக்குக் கொஞ்சம், கட்டுமரத்துக்கும் கூடைக்காரிக்கும் ஒன்றுமில்லை என்று விதிக்கட்டும். வரவு செலவை மாதந்தோறும் ஏலக்கூடத்துச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

ஒரே குப்பமாயில்லாமல் பல சேர வேண்டும் என்பதற்கும் காரணமுண்டு. மணலுக்கு ஊர் எல்லை தெரியாது. சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்தபின் தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போயிற்று. இன்று ஒரு குப்பம் தனக்கு மட்டும் தூண்டில் வளைவு கேட்டு வாங்கினால், அரிப்பு பக்கத்துக் குப்பத்துக்குப் போகும். சேர்ந்து கேட்டால்தான் இருவருக்கும் கரை மிஞ்சும்.

இதனால் சர்க்கார் கைகழுவி விடலாம் என்பது நமது கருத்தல்ல. கடல் தடுப்பும், பெரிய குடிநீர்க் குழாயும், ஆஸ்பத்திரியும் சர்க்கார் கடமை. சில்லறைக் காரியத்தைத் தானே செய்து கொள்ளும் ஊர், பெரிய காரியத்தை இரந்து கேளாமல் நிமிர்ந்து நின்று கேட்கும். பஞ்சாயத்துகளுக்கு வரி அதிகாரம் கொடுக்க அரசமைப்பின் 243-எச் பிரிவு சட்டசபைக்கு இடமளித்திருக்கிறது. கடற்கரை வட்டங்களுக்கென்று சட்டசபை ஒரு சட்டம் செய்யட்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2022 முதல் கிராம சபைக்கு வருஷத்தில் 6 நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கிராம சபைக்குக் குப்பத்துப் பெண்களும் ஆண்களும் திரளாகப் போய், திருவிழா வரியில் பாதியை வடிகாலுக்கு ஒதுக்குகிறோம், அதற்கு மேல் பஞ்சாயத்து எவ்வளவு கொடுக்கும் என்று கேட்பார்களாக. அந்தக் கேள்வியைத் தட்டிப் பேச எந்தத் தலைவராலும் முடியாது என்பது நமது உறுதி.