வேலையும் செய்யாதே, சும்மாவும் இராதே

"படகில வாறவங்களை வேலை செய்யவும் விட்டா முழு உலகமும் இங்கதான் வரும்." லண்டனில் எங்கட சனத்தின் வாயில் இப்போது அடிக்கடி கேட்கிற கதை இது. கோயில் அன்னதான வரிசையிலும் கேட்டேன், கலியாண மண்டபத்திலும் கேட்டேன். சொல்கிறவர்களில் பாதிப்பேர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் என்னைப் போலவே அகதித் தஞ்சம் கேட்டு வந்தவர்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில், தஞ்சம் கேட்டு ஆறு மாதத்துக்குள் ஹோம் ஒபிஸ் முடிவு சொல்லாவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். நான் வந்தது 1991 இல். ஏழாம் மாதம் லோயர் எழுதினார், அனுமதிக் கடிதம் வந்தது. இரண்டு கிழமைக்குள் தென் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. முதல் சம்பளத்திலேயே வரியும் தேசியக் காப்புறுதியும் வெட்டினார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான். அதில்தான் ஏஜென்சிக்காரனுக்குப் பட்ட கடன் அடைந்தது, ஊரில் அம்மாவுக்கு மருந்தும் வாங்கினார்கள். என் வழக்குக்கு முடிவு வர மேலும் நாலு வருசம் எடுத்தது. அந்த நாலு வருசமும் அரசாங்கத்திடம் ஒரு பென்னியும் வாங்கவில்லை. இதை வாசிக்கிற பலருக்கும் இதே கதைதான். இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

2002 யூலையில் தொழிற்கட்சி அரசாங்கம் அந்த ஆறு மாத விதியை எடுத்துவிட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்காக 2005 இல் வேறு உருவில் கொண்டுவந்தார்கள். ஆறு மாதம் ஒரு வருசமாகியது. 2010 இல் அதையும் இறுக்கினார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது, அதில் உள்ள வேலை மட்டும்தான் செய்யலாம் என்றார்கள். பல வருசமாக அந்தப் பட்டியலில் பாலே நடனக்காரருக்கு இடம் இருந்தது, பெற்றோல் நிலையத்தில் காசு வாங்குகிறவனுக்கு இல்லை. எரித்திரியாவிலிருந்து பாலைவனமும் கடலும் தாண்டி வந்த பொடியன் பாலே ஆடுவான் என்று எந்தப் புண்ணியவான் நினைத்தாரோ!

ஆடத் தெரியாதவனுக்கு 2024 இல் கிழமைக்கு 49.18 பவுண். சாப்பாடு தருகிற ஹொட்டேலில் வைத்திருந்தால் வெறும் 8.86. லண்டன் பஸ்ஸில் ஐந்து தரம் ஏறினால் அது முடிந்துவிடும். ஹொட்டேல் வாடகையை வரிப்பணத்தில் கட்டி அவனை அங்கே இருத்திவிட்டு, சும்மா இருந்து தின்கிறான் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எங்கட ஆக்களும் அதை வாசித்துத் தலையாட்டுகிறார்கள்.

வேலை கொடுத்தால் இன்னும் வருவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அதே 2002 இல் ஹோம் ஒபிஸ் தானே வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. தஞ்சம் கேட்ட 65 பேரிடம் ஏன் இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். இங்குள்ள வேலைச் சட்டம் பற்றி விபரமாய் அறிந்து வந்தவர்கள் அதில் மிகக் குறைவு. இனத்தவர் இருந்தது, மொழி, கொண்டுவந்த ஏஜென்சிக்காரன், இவைதான் காரணம். 2021 இல் அரசாங்கத்துக்கே ஆலோசனை சொல்லும் குடிவரவு ஆலோசனைக் குழுவும் ஆதாரம் எங்கே என்று கேட்டது. நாங்கள் மட்டும் கொழும்பில் விமானம் ஏறும்போது சட்டப் புத்தகத்தை வாசித்துவிட்டா ஏறினோம்?

அயர்லாந்தைப் பாருங்கள். பர்மாவிலிருந்து வந்த ஒருவர் அங்கே எட்டு வருசமாக முடிவுக்குக் காத்திருந்தார். இருந்த முகாமிலேயே வேலை தர ஆயத்தமாக இருந்தார்கள், சட்டம் விடவில்லை. 2017 இல் உச்ச நீதிமன்றம், கால வரையறையே இல்லாமல் ஒருவனை வேலை செய்யாதே என்று தடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. அடுத்த வருசம் கதவு திறந்தது. இப்போது அங்கே ஆறு மாதம். எல்லைக்கு இந்தப் பக்கம், பெல்பாஸ்டில் இருக்கிறவனுக்கு ஒரு வருசம், அதன் பிறகும் கட்டுப்பாடு.

வேலை அனுமதி என்பது விசா அல்ல. வழக்குத் தோற்றால் அனுமதியும் போய்விடும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

தடை இருக்கிறதென்று யாரும் வேலை செய்யாமலும் இல்லை. கடன் கொடுத்தவன் ஊரில் வீட்டு வாசலில் நிற்கும்போது எந்தப் பொடியன் சும்மா இருப்பான்? கடையின் பின்பக்கத்தில் பெட்டி தூக்குகிறான், கோழி வெட்டுகிறான். 2024 இல் சட்டப்படி மணிக்கு 11.44 பவுண் கொடுக்க வேண்டும், இவன் கையில் 5 பவுண் வைக்கிறார்கள். விரல் வெட்டுப்பட்டாலும் ஆஸ்பத்திரியில் எங்கே வெட்டினது என்று சொல்லக்கூடாது. அந்தக் கடைகளில் சிலது எங்கட ஆக்களுடையது. ஒரு முதலாளியிடம் கேட்டேன். "நான் குடுக்காட்டி அவன் பட்டினியெல்லோ அண்ணை" என்றார். பொய் இல்லை. அந்தப் பொடியனுக்கு அனுமதி கிடைத்தால் அவனை 5 பவுணுக்கு வைத்திருக்க ஏலாது என்பதும் அவருக்குத் தெரியும். முழு உலகமும் இங்கதான் வரும் என்று கலியாண மண்டபத்தில் பெலத்துச் சொன்னவரும் அவர்தான்.