புண் சிகிச்சைப் பொருள்களும் யந்திரக் கணிப்பும்

புண்ணுக்குக் கட்டுப் போடுதல் வைத்தியத் துறையில் மிக எளிய வேலை என்பது பலருடைய எண்ணம். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் தோன்றும் புண்ணைப் பொறுத்த வரையில் இவ்வெண்ணம் தவறானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள். நரம்பு கெட்டு உணர்ச்சி குன்றிய பாதத்தில் வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் நோயாளி புண்ணின் மேலேயே நடக்கிறார். கிருமிகள் எலும்பை எட்டிய பின் காலையே அகற்ற நேரிடலாம். ஆறிய புண்களிலும் 100-க்கு 40 வீதம் ஓராண்டிற்குள் மீண்டும் தோன்றுகின்றன என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளின் முடிவு. தொழுநோயால் மரத்துப் போன பாதங்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

இத்தகைய புண்ணுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து சுத்தமான கட்டுத்துணி வேண்டும். பாதத்தின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்கும் காலணி வேண்டும். செவிலியரின் நேரமும் வேண்டும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எவ்வளவு அனுப்புவது என்பதே நிர்வாகத்தின் முன் உள்ள கேள்வி. இதற்கு விடை காண யந்திரக் கற்றல் என்னும் முறை இன்று பரிந்துரைக்கப்படுகிறது. பழைய கணக்குகளைக் கணிப்பொறிக்கு அளித்தால், அவற்றிற்கிடையே உள்ள தொடர்புகளை அதுவே கண்டறிந்து, வரும் மாதங்களின் தேவையை மதிப்பிட்டுக் கூறும். நீரிழிவு உடையோர் தொகை, அவர்களின் வயது, பருவகாலம், மருத்துவமனைக்குள்ள தூரம் ஆகிய பலவற்றை ஒருங்கே சீர்தூக்க அதனால் இயலும். இவ்வசதியை ஒதுக்கித் தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

எனினும், கணிப்பொறி எதனிடமிருந்து பாடம் கற்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் காணப்படுவது வழங்கிய அளவே; தேவைப்பட்ட அளவன்று. ஒரு நிலையத்திற்கு மாதந்தோறும் 100 கட்டுகள் தேவை என்றும், 60 மட்டுமே வந்து சேர்கின்றன என்றும் வைத்துக் கொள்வோம். மூன்றாம் வாரத்தில் இருப்புத் தீர்ந்துவிடும். அதன் பின் வருவோர் வெறுங்கையுடன் திரும்புவர். அவர்களைப் பற்றிய குறிப்பு எதுவும் ஏட்டில் ஏறாது. கணிப்பொறியோ அந்நிலையத்தின் தேவை 60 தான் என்று கற்றுக் கொள்ளும். மறு ஆண்டும் 60 வரும். பற்றாக்குறை இவ்வாறு விஞ்ஞானத்தின் முத்திரையுடன் நிலைபெற்றுவிடும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறையை ஆராய்ந்தவர்கள், 2019-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அம்முறை நோயின் கடுமைக்குப் பதிலாகச் சிகிச்சைச் செலவையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. கறுப்பு இனத்தவருக்குச் செலவிடப்பட்டு வந்த தொகை குறைவு; ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்கள் என்று யந்திரம் கணித்தது. பிழையைத் திருத்தினால், கூடுதல் உதவி பெறுவோரில் அவர்களின் பங்கு 100-க்கு 17.7-லிருந்து 46.5 ஆக உயரும் என்று கண்டனர்.

ஆகவே யந்திரத்தை வாங்குவதற்கு முன் பதிவேட்டைத் திருத்துவதே முறை. பொருள் தீர்ந்த நாள், பொருளின்றித் திரும்பியோர் எண்ணிக்கை, புண்ணின் நீளம், அகலம் ஆகிய நான்கும் அதில் இடம் பெற வேண்டும். அளவெடுப்பதற்கு ஒரு காகித அளவுகோல் போதும். 4 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள புண்ணுக்குப் பெருக்குத் தொகை 12. முறையான சிகிச்சை அளித்தும் நான்கு வாரங்களில் அது 6-க்குக் கீழ் இறங்காவிடில், அப்புண் எளிதில் ஆறாது என்று கருதி நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது நலம். இக்குறிப்பு கணிப்பொறிக்கு மட்டுமன்றி, அன்றே அந்நோயாளிக்கும் பயன்படும்.

களப்பணியாளர்களுக்கு ஏற்கெனவே ஏடுகள் மிகுதி என்ற ஆட்சேபம் நியாயமானதே. புதிய ஏடு ஒன்றைச் சேர்ப்பதானால், ஒரே செய்தியை இருமுறை கேட்கும் பழைய ஏடு ஒன்றை நீக்குவது மேலதிகாரிகளின் கடமை. அன்றியும், யந்திரம் கூறும் அளவு போதாது என்று கிராமச் செவிலியர் கருதினால், அதை மறுத்து எழுதும் உரிமையும், அம்மறுப்புக்கு விடை பெறும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "வழங்கியது", "தேவைப்பட்டது" என்னும் இரு பத்திகளை வகுப்பில் எழுதிக் காட்டி, முதற்பத்தி மட்டும் தெரிந்தவர் எவ்வாறு ஏமாறுவார் என்பதை மாணவர்களே கண்டறியச் செய்யலாம். புள்ளியியலின் முதற்பாடமாக இதனினும் தகுந்தது அரிது.

கணிப்பொறியின் திறமை நாளுக்கு நாள் வளரலாம். ஆனால் கட்டு இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட மனிதரை ஏட்டில் எழுதாத வரையில், எந்தக் கணிப்பும் அவரைக் காணப் போவதில்லை. அவ்வொரு வரியை எழுதுவது களப்பணியாளரின் கையிலும், அதற்கு மதிப்பளிப்பது நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது.