விளக்கு நம்முடையது, பாதை யாருடையது?

இருட்டில் எழுந்து இருட்டிலேயே வேலைக்குப் போவது தோட்டத் தொழிலாளிக்குப் புதிதன்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரம் குளிர்ந்திருக்கும்போதே வெட்ட வேண்டும் என்பது ரப்பர்த் தொழிலின் விதி. பினாங்கில் சூரியன் உதிப்பதோ ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில். 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே நாம் பிரட்டுக்கு நிற்கும் நேரம் நல்ல இருட்டாகவே இருக்கிறது.

நம் பெற்றோர் நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு லயத்திலிருந்து நிரைக்கு நடந்தே போனார்கள். இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. லயங்களும் பல இடங்களில் இல்லை. எஞ்சிய மரங்களை வெட்டுகிறவர், வெளியே உள்ள அடுக்குமாடி வீட்டிலிருந்து கப்சாய் மோட்டார் சைக்கிளில் வர வேண்டியிருக்கிறது. கார்பைட் விளக்கின் இடத்தை இப்போது வண்டி விளக்கு பிடித்துக்கொண்டது.

சென்ற மழைக்காலத்தில் செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பால்வெட்டும் சகோதரி ஒருவர் விடியுமுன் வண்டியோடு கால்வாயில் விழுந்தார். மதகின் ஓரம் உடைந்து பல நாள் ஆகியிருந்தது. அதற்கு ஓர் அடையாளக் கம்புகூட நடப்படவில்லை. கால் எலும்பு முறிந்து, கட்டுடன் பாரம் எழுத வந்தவர் நம்மிடம் கேட்டார்: "கிராணி ஐயா, பெரிய விளக்கு வாங்கி மாட்டிக்கோன்னு மண்டோர் சொல்றார். அதுக்கும் நான்தான் காசு போடணுமா?"

அந்தக் கேள்விக்கு நாம் உடனே விடை சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முயல்கிறோம்.

முதலில் விளக்கைப் பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் கடந்து ஜார்ஜ்டவுனுக்குப் போய்க் கடைகளில் விசாரித்தோம். எல்.இ.டி. துணைவிளக்கு ஜோடி ஒன்று சில பத்து வெள்ளிக்கே கிடைக்கிறது. குறைந்த மின்சாரத்தில் நிறைய வெளிச்சம் தருவது எல்.இ.டி.யின் குணம். பழைய கப்சாய் பலவற்றில் முன்விளக்கு எஞ்சினில் உண்டாகும் மின்சாரத்தில் நேரே எரிவதால், வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கும். குழி நிறைந்த தோட்டப் பாதையில் மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை. அப்போதுதான் அது கைவிடுகிறது. ஆகவே துணைவிளக்கை விரும்புகிறவரை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் மலிவு விளக்கை மலிவாக மாட்டினால் ஆபத்து. பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் கணக்கை நம்ப வேண்டாம். பல விளக்குகள் அதில் ஒரு பங்குகூட இழுப்பதில்லை. உண்மையில் 10 வாட் இழுக்கும் விளக்கு இரண்டு என்றால் 20 வாட். 12 வோல்ட் பாட்டரியில் அது ஏறக்குறைய 1.7 ஆம்பியர். எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டால், 5 ஆம்பியர்-மணி பாட்டரி மூன்று மணி நேரத்துக்குள் செத்துவிடும். ஆகவே சாவியை அணைத்தால் விளக்கும் அணையும்படி இணைக்க வேண்டும். பழைய வண்டியில் முன்விளக்கு வயரில் ஒட்டுப் போடக்கூடாது; எல்.இ.டி. துடிக்கும், சீக்கிரம் கெடும். பாட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பாட்டரிக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் பியூஸ் வைக்க வேண்டும். இத்தனை சிறிய விளக்குக்கு ரிலே இல்லாமலும் சமாளிக்கலாம். பியூஸ் இல்லாமல் கூடாது. வயர் உரசிப் பொறி பறந்தால், பக்கத்தில் இருப்பது பெட்ரோல் தொட்டி என்பதை மறக்கலாகாது. வயரை முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது. மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

இதைவிட முக்கியமானது விளக்கின் பார்வை. சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியில் உட்கார்ந்து விளக்கைப் போடுங்கள். வெளிச்சத்தின் நடு, விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் அது எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். எதிரே வருகிறவர் யார்? இரவு வேலை முடித்து பிறை ஆலையிலிருந்து வீடு திரும்பும் நம் தம்பியோ தங்கையோதான். நமக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காக இன்னொரு தொழிலாளியைக் கால்வாயில் தள்ளலாமா?

நம் வண்டி பிறர் கண்ணில் படுவதும் பாதுகாப்பே. 1992இல் பகலிலும் மோட்டார் சைக்கிள் முன்விளக்கு எரிய வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்தது. அதன் பயனாக, கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. அதைச் சாதித்தது சாதாரண முன்விளக்கு. கண்ணைப் பறிக்கும் விளக்கன்று. ஆகவே துணைவிளக்கைத் தோட்டப் பாதையில் போடுங்கள்; பெரிய சாலை ஏறியதும் அணையுங்கள். மின்னும் விளக்கும், நீலம், சிவப்பு நிறமும் முன்புறத்தில் வேண்டவே வேண்டாம். வாங்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்வது நல்லது. அபராதச் சீட்டு விளக்கின் விலையை விழுங்கிவிடும்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். அவர் விழுந்தது விளக்குக் குறைவால் மட்டுமா? மதகு உடைந்தது யார் கணக்கில்? 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இயன்ற அளவு வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது முதலாளியின் கடமை என்கிறது. அவர் ஆளுகைக்குட்பட்ட வேலையிடத்துக்குள் வரும் வழியும் வெளியேறும் வழியும்கூட அந்தக் கடமையில் அடங்கும். கேட்டுக்கு உள்ளே இருக்கும் தோட்டப் பாதை அந்த வழியன்றி வேறென்ன? இருட்டில் வேலைக்கு வா என்று மணி அடிப்பவர், அந்த இருட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய செலவன்று. மதகுகளின் இரு ஓரத்திலும் ஒளி திருப்பும் தகடு. வளைவுகளில் வெள்ளை பூசிய கம்பு. மழைக்குப் பின் பாதையைப் பார்வையிட ஓர் ஆள். இருட்டில் வண்டியோட்டி வரும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு விளக்குப் படி. இவற்றைப் பாதுகாப்புக் கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்போம். வாய்ச்சொல் காற்றோடு போகும். கடிதம் கோப்பில் நிற்கும் என்பது கிராணி வேலையில் நாம் கற்ற பாடம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்து சொக்சோ காப்புக்குள் வரும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. சொந்த வேலைக்காக இடையில் வழி மாறினால் உரிமை சிக்கலாகும். விழுந்தவர் உடனே போலீசில் புகார் செய்து, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு தோட்ட ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்ன அடிதானே" என்று விட்டவர்கள் பின்னால் வருந்துவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, அக்கா, உங்கள் கேள்விக்கு நம் விடை இதுதான்: உங்கள் வண்டிக்கு நல்ல விளக்கு வேண்டும், அதை ஒழுங்காக மாட்ட நாமும் கூட வருகிறோம். ஆனால் அந்த விளக்கை வாங்கிவிட்டதால் மதகின் கணக்கு தீர்ந்துவிடவில்லை. அந்தக் கணக்கைத் தோட்ட ஆபீசின் மேசைமேல் வைக்க வேண்டியது நம் எல்லோருடைய வேலை.