அடுப்புக் காசும் சர்வகலாசாலையும்

ஜப்பான் தேசத்தின் கல்வியைப் பற்றிப் பேசுவோர் அனேகமாக டோக்கியோவிலிருந்தே தொடங்குவார்கள். 1886ஆம் ஆண்டில் சக்கரவர்த்தியின் பெயர் பெற்று அங்கே அமைந்த சர்வகலாசாலையையும், 1897இல் கியோட்டோவில் எழுந்த அதன் தம்பியையும் வர்ணிப்பார்கள். மேலேயிருந்து உத்தரவு வந்தது, ஜனங்கள் பணிந்து படித்தார்கள் என்று கதை முடிந்துவிடும். இந்தக் கதையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான் உண்டு. மற்றப் பாதியைக் கியோட்டோ நகரத்து வீட்டு அடுப்புகளிலேதான் தேடவேண்டும்.

ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ராஜதானியாக விளங்கிய கியோட்டோவை விட்டு, 1869இல் சக்கரவர்த்தி டோக்கியோவுக்குப் போய்விட்டார். அரண்மனையை நம்பிப் பிழைத்த நகரம் திகைத்து நின்றது. அதே வருஷத்தில் அந்நகரத்து வீதிக் கூட்டங்கள் அறுபத்து நான்கு ஆரம்பப் பாடசாலைகளைத் திறந்தன. தேச முழுமைக்குமான கல்விச் சட்டம் பிறந்ததோ 1872இல்தான்! பாடசாலைகளுக்குப் பணம் திரட்டிய விதம் விசேஷமானது. அடுப்பு எரியும் ஒவ்வொரு வீடும் பங்கு செலுத்தவேண்டும். வீட்டில் பிள்ளை உண்டா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. இதற்கு அடுப்புக் காசு என்றே பெயர். பிள்ளையில்லாத வீட்டுக்காரர் சற்று முணுமுணுத்திருக்கலாம். ஆயினும் பாடசாலைகள் நடந்தன.

1872இல் அதே ஊரில் ஷோரென்-இன் என்னும் புத்த ஆலயத்தில் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கிற்று. பிக்ஷுக்கள் முன்னின்றார்கள், வர்த்தகர்கள் கொடுத்தார்கள், ஆடல் பாடல் மாதர் வாழ்ந்த வீதிகளிலிருந்தும் பணம் வந்தது. யுங்கர் என்ற ஐரோப்பிய வைத்தியரை வரவழைத்து, நோயாளிகளைப் பார்ப்பதோடு மாணவர்களுக்குப் பாடமும் சொல்லச் செய்தார்கள். கியோட்டோ ஜில்லா வைத்திய சர்வகலாசாலை இதிலிருந்தே வளர்ந்தது.

வளர்ந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு கண்டம் இருந்தது. 1887இல் சக்கரவர்த்தியின் ஆணை ஒன்று பிறந்தது. அடுத்த வருஷம் முதல் எந்த ஜில்லாவும் தன் வரிப் பணத்தை வைத்தியப் பள்ளிக்குச் செலவிடலாகாது என்பதே அது. வைத்தியக் கல்வியைச் சில இடங்களில் தன் கைக்குள் குவித்துக்கொள்ள ராஜாங்கம் விரும்பிற்று. ஜில்லாப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கியோட்டோ, ஓஸாகா, ஐச்சி ஆகிய மூன்று மட்டுமே ஆஸ்பத்திரி வருமானத்தையும் மாணவர் கட்டிய சம்பளத்தையும் கொண்டு உயிர் தரித்தன. ஊரார் தங்கள் சொந்தப் பணத்தைத் தங்கள் பள்ளிக்குக் கொடுக்கக்கூடாதென்று தடுத்த சட்டத்தை என்னவென்று சொல்வது?

சர்வகலாசாலை என்ற பட்டத்தின் மேல் மத்திய ராஜாங்கத்துக்கு இருந்த ஏகபோக உரிமை 1918ஆம் வருஷத்துச் சட்டத்தால் நீங்கிற்று. 1919இல் ஓஸாகா ஜில்லாவின் வைத்தியப் பள்ளி முதலாவதாக அந்தப் பட்டத்தைப் பெற்றது. 1920இல் ஐச்சியும், 1921இல் கியோட்டோவும், 1922இல் குமமோட்டோவும் தொடர்ந்தன. ஆனால் இந்த நான்கில் மூன்று நெடுநாள் ஊராரிடம் தங்கவில்லை. குமமோட்டோ 1929இலும், ஓஸாகாவும் ஐச்சியும் 1931இலும் ராஜாங்கத்தின் வசமாயின. ஊரார் வளர்த்த கன்றைப் பசுவானதும் பிறர் ஓட்டிச் சென்ற கதையாக இது தோன்றலாம். அப்படிச் சொல்வது முழு நியாயமாகாது. செலவோ பெரிது, ஏகாதிபத்திய சர்வகலாசாலை என்ற பெயருக்கு ஊராரிடமே மோகம் இருந்தது.

இந்த மோகத்துக்கு ஆட்படாதவர் ஓஸாகா மேயர் செகி ஹாஜிமே. டோக்கியோ வர்த்தகக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து நகர நிர்வாகத்துக்கு வந்தவர். கோடாய் டோமோஅட்ஸு முதலிய பிரமுகர்கள் 1880இல் தொடங்கிய வர்த்தகப் பள்ளி நகரசபையின் கையில் இருந்தது. அதைச் சர்வகலாசாலையாக்க அவர் முயன்றபோது 1918ஆம் வருஷத்துச் சட்டம் குறுக்கே நின்றது. ஜில்லாக்களுக்கு அனுமதி உண்டு, நகரங்களுக்கு இல்லை! 1928இல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வருஷமே நகரசபையின் வர்த்தக சர்வகலாசாலை தோன்றிற்று. ராஜாங்க சர்வகலாசாலையின் நகலாக அது இருக்கக்கூடாது, நகரத்தின் வாழ்வையே ஆராய வேண்டும் என்பது செகியின் கொள்கை. அன்னிய வியாபாரம், வங்கித் தொழில் இவற்றோடு நகர நிர்வாகத்துக்கும் அங்கே தனிப் பிரிவு இருந்தது.

யுத்தத்துக்குப் பின் அமெரிக்க சேனை அதன் கட்டிடங்களை எடுத்துக்கொண்டது; அவை திரும்பக் கிடைத்தது 1955இல். இடையில் வகுப்புகள் நகரத்தின் ஆரம்பப் பாடசாலைக் கட்டிடங்களில் நடந்தன. ஊர்ப் பிள்ளைகளின் பெஞ்சியில் அமர்ந்து சர்வகலாசாலை மாணவர்கள் பொருளாதாரம் படித்த காட்சி என் மனத்தை விட்டு அகலுவதில்லை.

இன்று ஜப்பானில் ஜில்லாக்களும் நகரங்களும் நடத்தும் சர்வகலாசாலைகள் சுமார் நூறு. மத்திய ராஜாங்கத்தைச் சேர்ந்தவற்றைவிட இவை எண்ணிக்கையில் அதிகம். செலவில் ஒரு பங்கு, மத்திய ராஜாங்கம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வரிப் பணத்திலிருந்து வருகிறதென்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செகி உண்டாக்கியது 1949இல் ஓஸாகா நகர சர்வகலாசாலையாயிற்று. 2022இல் ஜில்லாவின் சர்வகலாசாலையோடு இணைந்து ஒன்றாயிற்று. மூன்றையும் ராஜாங்கம் ஏற்ற பிறகும் எஞ்சி நின்ற கியோட்டோ வைத்திய சர்வகலாசாலை இன்றும் அந்த ஜில்லாவினுடையதே.